பயிற்சி விமானத்துக்கு அப்புறம் எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை மீட்டர் இறக்கை அகலமுள்ள அப்ரென்டிஸ் என்ற ரேடியோ கன்ட்ரோல் பயிற்சி மாடல் விமானத்தை இப்போது கைரோ (தானாகச் சமநிலைப்படுத்தும் கருவி) உதவி இல்லாமலே பறக்கவிட்டு இறக்க முடிகிறது. இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் தானே நிமிர்ந்துகொள்கிறது. இனி, சாய்த்தால் சாய்ந்தபடியே போகும் கீழ் இறக்கை மாடல் ஒன்று வேண்டும்.

மனசு இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மாடல் மேல்தான். ஆனால் சக்கரங்கள் நெருக்கமானவை, தரையில் எளிதில் கவிழும்; வேகம் குறைந்தால் இறக்கை நுனி சட்டென விழும் என்கிறார்கள். இரண்டாவது விமானத்துக்கு அது அவசரம்தான். அதனால் மூக்குச் சக்கரம் உள்ள டி-28 ட்ரோஜன் (பழைய அமெரிக்கப் பயிற்சி விமானத்தின் மாடல்), 1.2 மீட்டர் அளவில் பார்க்கிறேன். எங்கள் மைதானம் புல்தரை. முன்சக்கரக் கம்பி தாங்குமா? என்னிடமுள்ள 3எஸ் 3200 (மூன்று செல், 3200 mAh) பேட்டரி போட்டால் மூக்கு கனத்துவிடுமா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள். இதைவிட நல்ல மாடல் இருந்தாலும் சரி.