பூட்டனைக் காணவில்லையா? பூட்டியின் கோயிலில் தேடுங்கோ

அன்பான ஊரவர்களுக்கு,

பங்குப் புத்தகத்தில், அதாவது கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நான, கலியாண, மரணப் பதிவேட்டில், தங்கள் ஆட்களின் பெயர் இல்லை என்று எழுதுகிறவர்களில் கனபேர் தேடியிருப்பது தகப்பன்வழி ஊரில்தான். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். ஊர் மாறுகிறவர் மாப்பிள்ளை. கலியாணம் பெண்ணின் கோயிலில், தலைப்பிள்ளையின் ஞானஸ்நானமும் அனேகமாக அங்கேயே. பூட்டனின் பிள்ளைகள் அவரது பங்கில் அகப்படாவிட்டால் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று முடிவுகட்டாமல் பூட்டியின் பங்குக்கு எழுதுங்கோ.

எழுதும்போது ஒரே ஒரு ஆண்டைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டாம். கலியாணப் பதிவிலோ மரணப் பதிவிலோ உள்ள வயது பெரும்பாலும் உத்தேசம். முப்பது, நாற்பது, அறுபது என்று முழு எண்ணாக இருந்தால் நம்பவே கூடாது. கணக்குப் பார்த்து வரும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டு விட்டுக் கேளுங்கோ. இன்னொன்று: ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டால் பெயர், திகதி, பெற்றோர், ஞானப்பெற்றோர் மட்டுமே பெயர்த்து எழுதிவரலாம். உங்களுக்கு வேண்டியது ஓரக்குறிப்போடு சேர்ந்த முழுப் பதிவு. அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஓரக்குறிப்பு ஏன் என்றால், 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் எங்கே கலியாணம் செய்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அந்தப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். 1890இல் பிறந்தவரின் பதிவிலும் கலியாணத் திகதி, துணையின் பெயர், கோயில் மூன்றும் இருக்கலாம். ஊர் மாறிய மாப்பிள்ளையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. குறிப்பு இல்லை என்றால் கலியாணம் ஆகவில்லை என்று பொருள் இல்லை. அறிவித்தல் வந்துசேராமலும் இருந்திருக்கலாம்.

கலியாணப் பதிவிலே இன்னும் பெரிய புதையல் இரத்த உறவு விலக்கு. மச்சான் மச்சாள் கட்டுவதென்றால் ஆயரின் அனுமதி வேண்டும். அது எத்தனையாம் படி என்று இலத்தீனில் எழுதியிருக்கும். பழைய கணக்கில் இரண்டாம் படி என்றால் இருவருக்கும் பேரன் பேத்தி, அதாவது தாய் தகப்பனைப் பெற்றவர்கள், ஒன்று. மூன்றாம் படி என்றால் பேரன் பேத்தியைப் பெற்ற பூட்டன் பூட்டி ஒன்று. இரண்டும் மூன்றும் கலந்து எழுதியிருந்தால் ஒரு பக்கம் ஒரு தலைமுறை கூட. எந்த வழியால் உறவு என்று சுவாமியார் பெரும்பாலும் எழுதமாட்டார். அதை எங்கள் முறைமை சொல்லும்: அண்ணன் தம்பி பிள்ளைகளும் அக்கா தங்கை பிள்ளைகளும் எங்களுக்குச் சகோதரங்கள், கட்டுவதில்லை. ஆகவே இரண்டாம் படியில் மாப்பிள்ளையின் தகப்பனும் பெண்ணின் தாயும் கூடப்பிறந்தவர்கள், அல்லது மாப்பிள்ளையின் தாயும் பெண்ணின் தகப்பனும். பார்க்க வேண்டியது இந்த இரண்டு சோடி மட்டுமே. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எண்ணும் முறை மாறிவிட்டது. அதன்படி சொந்த மச்சான் மச்சாள் நான்காம் படி. புதிய பதிவைப் பழைய கணக்கில் வாசித்தால் இரண்டு தலைமுறை பிழைக்கும்.

பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். இலத்தீன் பதிவில் பேத்ருஸ் என்று இருப்பவர் காணி உறுதிப் பத்திரத்தில் இராயப்பு. பவுலுஸ் சின்னப்பு, யோவான்னெஸ் அருளப்பு, யோசேப்புஸ் சூசைப்பிள்ளை, ஸ்தேபானுஸ் முடியப்பு. யாக்கோபுஸ் என்றால் சந்தியாப்பிள்ளையாக இருக்கலாம். வீட்டில் கூப்பிட்ட பெயர் இவை ஒன்றிலும் சேராது. குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களுக்கு இல்லாததால் முதலெழுத்தை நம்பித் தேடக்கூடாது. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் நால்வரையும் ஒன்றாக வைத்துப் பொருத்துங்கோ. ஞானத்தந்தை அம்மானாகவோ ஞானத்தாய் மாமியாகவோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவும் வரும். சாகக்கிடந்த குழந்தைக்கு மூப்பரோ உபதேசியாரோ தண்ணீர் வார்த்திருப்பார். பிறகு சுவாமியார் வந்து மிச்சச் சடங்கை முடித்து அதையும் எழுதியிருப்பார். அந்தப் பதிவில் சடங்கு நிறைவேற்றப்பட்டது என்ற பொருளில் ‘சுப்ளேத்தே’ என்ற சொல் இருக்கும். அதைக் கவனிக்காமல் இரட்டையர் என்று வம்சவரைபில் போட்டுவிடாதேயுங்கோ.

எவ்வளவு பின்னுக்குப் போகலாம்? 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லை. யோசேவாஸ் அடிகள் 1687இல் ஒளித்து வந்து சில்லாலையில் தங்கித்தான் பணிசெய்தார். அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் எழுதியது ஒல்லாந்தரின் பள்ளிக்கூடத் தோம்பு என்ற பதிவேட்டில், சட்டம்பியார் என்ற பள்ளிக்கூட வாத்தியார். உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவைப்பட்டதால் சைவக் குடும்பத்தவரும் தொன் பிலிப்பு, தொன் யுவான் என்று அதில் நிற்பார்கள். உங்கள் ஆட்கள் அன்று வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அமெரிக்க மிஷன் வழிவந்தவர்களுக்கு வேறு தலையிடி. 1816இல் வந்த மிஷனரிகள் விடுதிப் பிள்ளைகளுக்குச் செலவு கொடுத்த அமெரிக்கரின் பெயரையே வைத்தார்கள். உதயதாரகைப் பத்திரிகை ஆசிரியர் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும் அப்படித்தான். பட்டியலில் வெள்ளைக்காரப் பெயரைக் கண்டு தாண்டிவிடாமல் தகப்பன் பெயரையும் ஊரையும் பாருங்கோ.

வலிகாமம் வடக்குப் பங்குகள் 1990இலும், வலிகாமம் முழுவதும் 1995 ஒக்டோபரிலும் இடம்பெயர்ந்தன. புத்தகம் இப்போது எந்தக் கோயிலில் இருக்கிறது என்பதை முதலில் ஆயர் இல்லத்தில் விசாரியுங்கோ. மன்னார் 1981இல் தனி மறைமாவட்டம் ஆனதால் அந்தப் பக்கத்துப் பங்குகளுக்கு மன்னாருக்குத்தான் எழுத வேண்டும்.

புத்தகமே அழிந்திருந்தால் காணி உறுதிகளைப் பதிகிற காணிக் கந்தோருக்குப் போங்கோ. சீதன உறுதியில் கொடுக்கிற தாய் தகப்பன், வாங்குகிற மகள், பல உறுதிகளில் மருமகனும் இருப்பார்கள். காணி வந்த வழியையும் பாருங்கோ: முதுசம், அதாவது பரம்பரையாக வந்தது, என்றால் மேலே ஒரு தலைமுறை இருக்கிறது, தேடியதேட்டம், அதாவது அவரே சம்பாதித்தது, என்றால் அந்த வழி அவரோடு நிற்கும். நான்கெல்லையை வாசிக்காமல் விடாதேயுங்கோ. ஒரே காணியைப் பிரித்துக் கொடுத்திருந்தால் எல்லைகளில் நிற்கிற பெயர்களில் சில கூடப்பிறந்தவர்களுடையவையாக இருக்கலாம்.