டேப் சுருளைப் பிரிக்கும் முன்: டிரைவால் இணைப்புகளைத் தயார் செய்வது

"அண்ணா, குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் ஓர் அறைக்கு நானே டிரைவால் (ஜிப்சம் போர்டுச் சுவர்) போட்டிருக்கிறேன். போர்டு எல்லாம் ஏற்றியாயிற்று. சனிக்கிழமை டேப் ஒட்ட ஆரம்பிக்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இதே நிலையில் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, சனிக்கிழமை டேப்பைத் தொடாதீர்கள். அன்றைக்கு முழுக்கப் போர்டுகள் சேரும் இணைப்புகளை மட்டும் பாருங்கள். டேப் ஞாயிற்றுக்கிழமை போதும்.

நான் முதலில் செய்த அறையில் இரண்டு போர்டுகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. டேப் மூடிவிடும் என்று நினைத்து அப்படியே ஒட்டிவிட்டேன். பெயிண்ட் அடித்த அன்று சுவர் அழகாகத்தான் இருந்தது. குளிர்காலம் வந்து ஹீட்டர் ஓடத் தொடங்கியதும், பென்சிலால் கோடு இழுத்ததுபோல் மேலிருந்து கீழ்வரை விரிசல். டேப்பை உரித்துப் பார்த்தால் அதன் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் இடுக்கு. மறுபடி செய்து முடிக்க மூன்று வார இறுதிகள் போயின. ஒரு நாள் வேலையைத் தவிர்த்ததன் விலை அது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஏன் இப்படி ஆகிறது? டிரைவால் என்பது இரண்டு தாள்களுக்கு நடுவே இருக்கும் ஜிப்சம். பலத்தில் பெரும்பகுதி தாளில்தான் இருக்கிறது. இரண்டு போர்டு சேரும் இடத்தில் அந்தத் தாள் அறுந்துபோகிறது. அங்கே தாளின் வேலையைச் செய்வதுதான் டேப். அதற்குப் பின்னால் கெட்டியான தளமும், ஒட்டுவதற்குச் சுத்தமான தாளும் இருந்தால்தான் அது நிற்கும். சிமெண்ட் பூச்சுச் சுவரில் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியும். அங்கே பூச்சே சுவரைப் பிடித்துக்கொள்ளும், இங்கே அப்படி இல்லை.

கடையில் கேட்கும்போது பெயர் குழப்பும். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரைவால், ஷீட்ராக் என்பார்கள். பிரிட்டனில் பிளாஸ்டர்போர்டு, ஆஸ்திரேலியாவில் ஜிப்ராக், நியூசிலாந்தில் ஜிப். பொருள் ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். போர்டு உள்ளே போய்த் திரும்பினால் பின்னாலிருக்கும் மரச்சட்டத்தில் அது சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அங்கே இன்னொரு ஸ்க்ரூ போடுங்கள். போர்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 1 செ.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் நொறுங்கிவிடும். ஆடுகிற போர்டின் மேல் எவ்வளவு நல்ல டேப் ஒட்டினாலும் விரிசல் விடும்.

அப்புறம் 6 அங்குல பட்டி பிளேடை எடுத்து ஸ்க்ரூ வரிசை மேல் இழுத்துக்கொண்டே போங்கள். தலை வெளியே நீட்டியிருக்கும் இடத்தில் 'டிக்' என்று தட்டும். அதைக் கையாலேயே கால் சுற்று முடுக்குங்கள். தலை போர்டின் பரப்புக்குச் சற்றுக் கீழே, தாளைக் கிழிக்காமல் ஒரு சின்னக் குழியில் உட்கார வேண்டும். தாள் கிழிந்து ஜிப்சத்துக்குள் இறங்கியிருந்தால் அந்த ஸ்க்ரூ எதையும் பிடித்திருக்கவில்லை. அதிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளிப் புதிதாக ஒன்று போட்டுவிட்டு, பழையது தொளதொளவென்று இருந்தால் கழற்றிவிடுங்கள். இந்த 'டிக்' சத்தத்தை இப்போதே கேட்டுவிடுவது நல்லது. காம்பவுண்ட் (இணைப்பிலும் டேப் மேலும் பூசும் பட்டி போன்ற கலவை) பூசும்போது கேட்டால் ஈரச் சுவரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்து இணைப்புகள். இதில் இரண்டு வகை உண்டு. போர்டின் நீள ஓரங்கள் முன்பக்கத்தில் கொஞ்சம் சரிவாக மெலிந்திருக்கும். இரண்டு மெலிந்த ஓரங்கள் சேரும்போது ஆழமில்லாத பள்ளம் ஒன்று கிடைக்கும். டேப்பும் காம்பவுண்டும் அதற்குள் அடங்கிவிடும். குறுகிய ஓரங்களுக்கும் நாமே வெட்டிய ஓரங்களுக்கும் அந்தச் சரிவு கிடையாது. அவை முட்டும் இடம்தான் தொல்லை, ஏனென்றால் அங்கே பூசுவதெல்லாம் மேடாகத்தான் நிற்கும். வெட்டிய ஓரத்தில் தாளும் பிசிறு பிசிறாகக் கிளம்பியிருக்கும். அந்தப் பிசிறு ஈரம் பட்டதும் உப்பி, டேப்பைத் தூக்கிவிடும்.

அதனால் முட்டும் இணைப்புகளில், புது பிளேடு போட்ட கட்டர் கத்தியை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, இரு ஓரங்களையும் சீவிவிடுங்கள். 3 மில்லிமீட்டர் ஆழம் போதும். நேராகப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்துபோல ஒரு வாய்க்கால் தெரிய வேண்டும். பிசிறும் போய்விடும், காம்பவுண்ட் இறங்கிப் பிடிக்க இடமும் கிடைக்கும். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள். மழுங்கிய கத்தி தாளை வெட்டாது, கிழிக்கும்.

மூலை நொறுங்கி உள்ளே ஜிப்சம் பொடியாக உதிர்கிற இடங்களும் இருக்கும். பாவம் பார்க்காமல், கெட்டியான பகுதி வரும்வரை உதிர்வதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பள்ளம் பெரிதானாலும் பரவாயில்லை, நிரப்பிக்கொள்ளலாம்.

முகப்புத் தாள் கிழிந்து பழுப்பு நிறத்தில் உள்தாள் தெரிகிற இடத்தைத் தனியாகக் கவனியுங்கள். அதன் மேல் நேராகக் காம்பவுண்ட் பூசினால் தண்ணீரை உறிஞ்சிக் குமிழ் குமிழாகக் கிளம்பும். கிழிசலைச் சுற்றிக் கத்தியால் கீறி, தளர்ந்த தாளை உரித்தெடுங்கள். பிறகு ஆயில் அல்லது ஷெல்லாக் பிரைமர் ஒரு கை அடித்து, காய்ந்த பின்தான் காம்பவுண்ட்.

இடுக்குகளை நிரப்புவதுதான் முக்கியமான வேலை. 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால், காகித டேப்புக்குக் கீழே பூசும் காம்பவுண்டே உள்ளே இறங்கிவிடும். அதற்கு மேல் போனால் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். வாளியில் கலந்தே வரும் காம்பவுண்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது தண்ணீர் ஆவியாகித்தான் காயும், காயும்போது சுருங்கும். ஆழமான இடத்தில் குழி விழும், வெடிக்கும். பையில் பவுடராக வருகிற, தண்ணீர் சேர்த்ததும் தானே இறுகும் வகையை வாங்குங்கள். அதன் பை மேல் 20, 45, 90 என்று எண் இருக்கும். ஏறக்குறைய அத்தனை நிமிடத்தில் இறுகும் என்று அர்த்தம். முதல் முறை செய்பவர் 20 பக்கம் போகவே வேண்டாம். 90 எடுங்கள், நிதானமாக வேலை செய்யலாம்.

கலக்கும் பாத்திரமும் தண்ணீரும் சுத்தமாக இருக்கட்டும். பழைய துணுக்கு ஒட்டியிருந்தால் புதுக் கலவை சீக்கிரமே இறுகிவிடும். பிளேடில் எடுத்துக் கவிழ்த்தால் விழாத பதம் வேண்டும். இடுக்குக்குள் அழுத்தித் திணித்து, மேலே மட்டமாக வழித்துவிடுங்கள். போர்டின் பரப்பைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தால் நல்லது, மேடாக மட்டும் இருக்கக் கூடாது. இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் விட்டு மீட்கப் பார்க்காதீர்கள், அதில் பலம் இருக்காது. மிச்சத்தை சிங்க்கில் கொட்டவே கொட்டாதீர்கள். அது தண்ணீருக்குள்ளேயும் இறுகும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

தரையை ஒட்டி ஓர் அங்குலத்துக்குக் குறைவாக விட்டிருக்கும் இடைவெளியை நிரப்ப வேண்டாம். தரை ஈரம் போர்டில் ஏறாமல் இருக்கத்தான் அது. சுவரடியில் அடிக்கும் பேஸ்போர்டு பட்டை அதை மூடிக்கொள்ளும். சுவிட்ச் பெட்டியைச் சுற்றி நிரப்பும் முன் அந்த அறைக்கான பிரேக்கரை அணைத்துவிடுங்கள்.

சனிக்கிழமை மாலை அந்தத் தம்பி மறுபடி கேட்டார்: "நிரப்பியாயிற்று அண்ணா. எப்போது டேப் ஒட்டலாம்? என்னிடம் கண்ணாடி இழை வலை டேப்தான் இருக்கிறது."

நகத்தால் அழுத்தினால் பதியாத அளவு இறுகியிருந்தால் போதும் தம்பி. முழுக்கக் காயக் காத்திருக்க வேண்டாம். பிளேடை நிமிர்த்திப் பிடித்து மேடுகளைச் சுரண்டிவிட்டு, தூசியைத் துடையுங்கள். நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சு போதும். தூசி மேல் எதுவும் ஒட்டாது. சுரண்டும்போதும் தேய்க்கும்போதும் என்95 முகக்கவசம் கட்டாயம், அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. அறை வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலை டேப் ஒட்டுவதானால் அதன் மேல் முதல் பூச்சு பவுடர் வகையாகவே இருக்கட்டும். வாளி வகை அதன் மேல் சுலபமாக விரிசல் விடும். முட்டும் இணைப்புகளுக்கு மட்டுமாவது காகித டேப் வாங்கிவாருங்கள் என்பது என் கருத்து. அதன் பலம் தனி.

இன்னொரு அக்கா, பழைய வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சுவரோடு புது போர்டைச் சேர்ப்பதாக எழுதியிருந்தார். அக்கா, நீங்கள் எதையும் சுரண்டுவதற்கு முன் வீடு கட்டிய ஆண்டைப் பாருங்கள். அந்தக் கால ஜாயிண்ட் காம்பவுண்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் நார் கலப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் 1977-இல்தான் அதற்குத் தடை வந்தது; மற்ற நாடுகளில் வேறு வேறு ஆண்டுகள். உங்கள் வீடு அதற்கு முந்தையதோ அதை ஒட்டிய காலத்ததோ என்றால், சுவரைத் தேய்க்காமல், உடைக்காமல், முதலில் ஆய்வகப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடிவு வரும்வரை அந்தப் பக்கத்து இணைப்பை அப்படியே விட்டுவைத்து, புது போர்டுகளுக்கு நடுவிலுள்ள இணைப்புகளை மட்டும் பாருங்கள்.