புதுப்பிப்பு: பனையோலைப் பொம்மை வாங்கியாச்சு, செய்யவும் பழகுகிறேன்

மகளுக்குப் பிளாஸ்டிக் அல்லாத பொம்மை எங்கே கிடைக்கும், நாமே செய்ய முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் திருச்செந்தூர் பக்கத்தில் பனையோலைப் பொருள்கள் செய்யும் மணப்பாடு என்ற ஊரைச் சொன்னீர்கள். திருச்செந்தூர் போனபோது அப்படியே எட்டிப் பார்த்தோம். ஓலைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெண் பொம்மையும் கிலுகிலுப்பையும் கிடைத்தன. பேரம் பேச மனம் வரவில்லை, வேலை அப்படி.

அங்கே ஓர் அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முற்றிய ஓலை ஆகாது, விரியாத குருத்தோலைதான் வேண்டும். வெயிலில் காயவைத்தால் வெளிர் மஞ்சளாகிவிடும். ஈர்க்கை உரித்துவிட்டு ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். பின்னுவதற்கு முன் நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைக்க வேண்டும். காய்ந்தபடியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். பாவாடைப் பகுதி சுலபம். தலைதான் படுத்துகிறது: குறுக்கும் நெடுக்குமாக மடித்து இறுக்கும்போது ஓர் ஓலை தளர்ந்தாலும் முகம் கோணிக்கொள்கிறது. (மகளுக்கு அந்தக் கோணல் முகம்தான் பிடித்திருக்கிறது, அது வேறு கதை.)

சாயம் பற்றிக் கேட்டவர்களுக்கு: கொதிக்கும் தண்ணீரில் சாயப்பொடி போட்டு ஓலையை முக்கி எடுக்கிறார்கள். எதையும் வாயில் வைக்கும் வயது என்றால் சாயமில்லாததையே வாங்குங்கள். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், அவ்வப்போது வெயில் காட்டுங்கள். அப்புறம், சென்னையில் குருத்தோலை எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.