கலப்பு நாரையைப் பிடித்து அடைக்க வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் பரமு:
ஞாயிறு காலை இங்கே மலேசியாவில், புத்ராஜெயா ஈரநிலத்தில் இரண்டு நாரைகளைப் பார்த்தேன். ஒன்று சங்குவளை நாரை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் அதே இனம். நெஞ்சில் கறுப்புப் பட்டை, வாலருகே ரோஜா நிறம். மற்றது வெள்ளை, நெஞ்சில் மட்டும் மங்கிய புள்ளிகள். சங்குவளை நாரையும் பால் நாரையும் கூடிப் பிறந்த இப்படிப்பட்ட கலப்பு நாரைகளைப் பிடித்து அடைக்க வேண்டும் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எப்படித்தான் மனம் வந்ததோ!

செந்தூல் கமலா:
எழுதியவள் நான்தான் அண்ணா. அந்தப் புள்ளிகள்தான் என் கவலை. இந்த வட்டாரத்துக்கு உரிய பால் நாரைக்கு நெஞ்சில் பட்டையே கிடையாது. 1980களில் பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் நூற்றுக்கும் மேல் இருந்தன. பிறகு விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. உலக அளவிலும் அழியும் ஆபத்தில் உள்ள இனம் அது. இங்குள்ள சங்குவளை நாரைகளோ மிருகக்காட்சி சாலையில் கூண்டில்லாமல் வளர்ந்து வெளியே பரவியவை. இரண்டும் இணைசேர்கின்றன. குஞ்சுகளும் மலடல்ல. இப்படியே போனால் அசல் பால் நாரை கரைந்துபோகும்.

பரமு:
சதுப்புநிலக் காட்டை வெட்டி இறால் குட்டை தோண்டியது நாரையா? கூடு கட்ட உயர்ந்த மரம் இல்லை, இரை தேடச் சேறு இல்லை. காட்டை அழித்தவனும் மனிதன், பறவையைத் திறந்துவிட்டவனும் மனிதன். சிறை மட்டும் பறவைக்கா?

கிள்ளான் வாத்தியார்:
என் பேத்தியை அந்த ஏரிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு மெல்ல நடக்கும். மீன் அலகில் பட்டதும் படக்கென்று மூடும். கண்ணால் அல்ல, தொடு உணர்வால் பிடிக்கிறது என்று சொன்னதும் குழந்தை ஒரு மணி நேரம் நகரவில்லை. நகரத்து ஏரிகளில் இருப்பவை இருக்கட்டும். பால் நாரைக்காகக் கோல சிலாங்கூர், மாத்தாங் கடற்கரைகளை மட்டும் காப்போமே.

கமலா:
ஐயா, நாரைக்கு எல்லைக்கோடு தெரியாதே! அரை நாளில் கடற்கரைக்குப் போய்விடும். அடைப்பது கொடுமை என்றால் வேறு வழி பார்ப்போம். கலப்பு இணைகளின் கூட்டிலிருந்து முட்டையை மட்டும் எடுத்துவிடலாம். ஒரு பறவையும் கூண்டுக்குள் போகாது. ஆனால் எந்தக் கூடு என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பரமு:
கூண்டைவிட அது மேல்தான், ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. ஆனாலும் முட்டை என்றதும் வயிறு கலங்குகிறது. அந்த வெள்ளை நாரை எந்த மரத்துக்குத் திரும்புகிறது என்று எனக்குத் தெரியும். இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.