பானோஸ்டைட்டிஸ்: ‘முழு எலும்பு அழற்சி’யா, ‘நல்லிநோவா’?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வளரும் நாய்களைக் கால் எலும்பு வலியால் நொண்டவைக்கும் பானோஸ்டைட்டிஸ் என்னும் நோய்க்கு, ‘முழு எலும்பு அழற்சி’ என்ற தமிழ்ச்சொல்லை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த மடலைப் படித்தேன். கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. ‘பான்’ என்பது முழுமையையும் ‘ஆஸ்டியான்’ என்பது எலும்பையும் குறிக்கும். ‘ஐட்டிஸ்’ என்ற ஈற்றுக்கு அழற்சி என்பது நெடுநாள் வழக்கு. என் தயக்கமெல்லாம் மூலச்சொல்லின் மேல்தான். பகுதி பகுதியாகப் பெயர்க்கும்போது அதிலுள்ள பிழையையும் நாம் தமிழுக்குக் கொண்டுவந்து விடுகிறோம்.

இந்நோய் எலும்பு முழுவதையும் பற்றுவதில்லை. கைகால் நீள எலும்புகளின் தண்டுப் பகுதியில், இரத்தக் குழாய் உள்ளே நுழையும் துளையை ஒட்டிய மச்சையில்தான், அதாவது எலும்பின் உட்குழியை நிரப்பும் மஜ்ஜையில்தான், அது தொடங்குகிறது. மூட்டு தப்பிவிடுகிறது, எலும்பு நீளும் இடமான வளர்தட்டும் தப்பிவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், மச்சைக் கொழுப்பு சிதைந்து நார்த்திசுவும் புது எலும்பும் அங்கே இடம்பிடிப்பது தெரியுமே தவிர, அழற்சிக்குரிய உயிரணுக்கள் திரண்டிருப்பதில்லை. ஆக, ‘முழு’ என்பதும் சரியில்லை, ‘அழற்சி’ என்பதும் ஐயத்துக்குரியது. மிஞ்சுவது ‘எலும்பு’ ஒன்றுதான்.

பெரம்பூரில் எங்கள் தெருவில் எட்டு மாத அல்சேஷன் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. மாடிப்படியில் விழுந்திருக்கும் என்று வீட்டார் எண்ணினார்கள். நானும் உடன் சென்றிருந்தேன். மருத்துவர் மூட்டுகளை மடக்கி நீட்டியபோது பேசாமல் நின்ற நாய், அந்தக் காலின் மேலெலும்பின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் ஆழ அழுத்தியதும் வீறிட்டுக் காலை இழுத்துக்கொண்டது. எக்ஸ்ரே படத்தில் எலும்பின் உட்குழி கருமையாக இல்லாமல், இராயபுரத்துப் பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்ததைப் போல ஆங்காங்கே வெண்திட்டாக இருந்தது. ஐந்து முதல் பதினெட்டு மாத வயதில், வேகமாக வளரும் பெரிய இன நாய்களுக்கு, அவற்றிலும் ஆண் நாய்களுக்கு மிகுதியாக வருவது என்றும், ஒவ்வொரு முறையும் சில நாளோ சில வாரமோ இருந்து, இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானே விலகிவிடும் என்றும் அவர் விளக்கினார். ஓய்வும் வலி மாத்திரையும் போதுமாம். அந்த மாத்திரையும் நாய்க்கென்று எழுதித் தந்ததாக இருக்க வேண்டும். நாம் விழுங்கும் இபுப்ரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இங்கேதான் பெயரின் வேலை தொடங்குகிறது. வீடு திரும்பியதும், பக்கத்து வீட்டு அம்மாள் “எலும்பில் பலம் இல்லை, அதுதான்” என்று சொல்லிக் கால்சியம் டானிக் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனத்தோடு செய்த காரியம்தான். ஆனால், பெரிய இனக் குட்டிகளால் உணவில் மிகையாக வரும் கால்சியத்தைத் தேவைக்கு மேல் உறிஞ்சாமல் தடுத்துக்கொள்ள இயலாது. அது எலும்பு வளர்ச்சியையே கோணச் செய்யும். எனவே ‘எலும்புத் தளர்ச்சி’ என்று மற்றொரு நண்பர் தந்த சொல்லை நான் முற்றாக மறுக்கிறேன். அந்தப் பெயரே டானிக் வாங்கச் சொல்லும். ‘எலும்புருக்கி’ காசநோய்க்குப் போய்விட்டது. ‘எலும்பு மச்சை அழற்சி’யோ கிருமித் தொற்றால் வரும் ஆஸ்டியோமயலைட்டிசுக்கு உரியது, அதற்கான மருத்துவமே வேறு.

என் முன்மொழிவு ‘நல்லிநோவு’. இறைச்சிக் கடையில் “நல்லியாகப் பார்த்துப் போடுங்கள்” என்று கேட்கிற எவருக்கும், மச்சை நிறைந்த கால் எலும்பு என்று அதன் பொருள் தெரியும். நோய் இருக்குமிடமும் அதுவே. ‘நோவு’ வலியை மட்டும் சொல்கிறது. காரணத்தைப் பற்றி உறுதி கூறுவதில்லை, காரணமும் இன்னும் தெளிவாகவில்லை. நல்லி என்றவுடன் பட்டுப்புடவைதான் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதுவார், எழுதட்டும். உருதுவிலும் அதே பொருளில் அச்சொல் உண்டு என்ற மறுப்பும் வரும். யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற வழக்கை வேறோர் இழையில் வைத்துக்கொள்வோம். வடசென்னையில் அது வீட்டுச் சொல். கடைத்தெருச் சொல் பாடநூலுக்கு ஆகாது என்பவர்களுக்கு ‘என்பகநோவு’ (என்பு என்றால் எலும்பு, அகம் என்றால் உள்) என்பதை மாற்றாகத் தரலாம். அது இலக்கணமாக இருக்கிறது. நாய் வளர்ப்பவருக்கு விளங்காது என்பதே என் கணிப்பு.

மருந்துச் சீட்டில் பானோஸ்டைட்டிஸ் என்றே இருக்கும் என்பதால், நாய் வளர்ப்பவருக்கான துண்டறிக்கையில் முதல் முறை மட்டும் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு நல்லிநோவு என்றே தொடரலாம். இன்றொரு காலும் நாளையொரு காலுமாக நொண்டுவதற்கு ‘மாறுகால் நொண்டல்’ என்று குழுவின் அம்மையார் ஒருவர் தந்த சொல்லை அப்படியே ஏற்கிறேன். எங்கள் தெரு அல்சேஷன் முன்னங்காலை ஊன்றத் தொடங்கிவிட்டது. நேற்று மாலையிலிருந்து வலது பின்னங்காலைத் தாங்குகிறது.