குளத்து நடுத்திட்டுப் படகுத்துறை: தொடர் லீவுக் கூட்டத்தை எப்படிச் சமாளிக்க?

சிற்றாற்றுக்கரை கேட்டது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். தென்காசி பக்கம் ஒரு குளத்துல படகு விடுதோம். கரையில இருந்து 250 மீட்டர் தள்ளி நடுவுல ஒரு திட்டு. ஆட்களை அங்க இறக்கி, சுத்திப் பாத்த பெறவு திரும்பக் கூட்டிட்டு வரணும். 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகுக்குப் பின்னால மாட்டுற எஞ்சின்) போட்ட 10 பேர் ஃபைபர் படகு 2, நாலு பேர் மிதிபடகு 8 இருக்கு. திட்டுல துறைன்னா 6 மீட்டர் நீளக் கல்படி ஒண்ணுதான், அதுவும் மேற்கே பாத்து.

ஆகஸ்ட் 15 ஒட்டி தொடர் லீவு வந்தா குத்தாலத்துக்கு வார கூட்டம் அப்படியே இங்கயும் திரும்பும். 5 மணி ஆனா திட்டுல இருக்க எல்லாரும் ஒரே நேரத்துல படிக்கு வந்து நிக்காங்க. மிதிபடகுகளும் அங்கயே வந்து ஒதுங்குது. காத்து வேற படகைக் கல்லுல கொண்டு மோதுது. இன்னொரு எஞ்சின் படகு வாங்கினா சரியாகுமா?

மடைக்காவல் பதில்:

வாங்காதீங்க அண்ணாச்சி. உங்களுக்குப் படகு பத்தாம இல்ல, துறைதான் பத்தல.

கணக்குப் போட்டுப் பாருங்க. 10 பேரை ஏத்த 4 நிமிஷம், 250 மீட்டர் கடக்க ரெண்டு முனையிலயும் வேகம் குறைக்கறதையும் சேத்து 4 நிமிஷம், இறக்க 3 நிமிஷம். போக வர 22, திருப்புறதையும் சேத்தா 25 நிமிஷம். அதுல ஒவ்வொரு தடவையும் திட்டுப் படியை ஒரு படகு பிடிச்சு வைக்கிறது இறக்க 3, ஏத்த 4, படகைப் படியோட சேத்து அணைக்கவும் விலகவும் 2, ஆக 9 நிமிஷம். ரெண்டு படகு மணிக்கு கிட்டத்தட்ட 5 தடவை வரும், 45 நிமிஷம் படி நிறைஞ்சிருக்கும். மூணாவது படகு வந்தா 7 தடவை, 63 நிமிஷம். ஒரு மணி நேரத்துல அது அடங்காது. அந்தப் படகு எஞ்சினை ஓட்டிக்கிட்டு வெளியே வட்டம் போடும், காத்துல மத்த படகு மேல சாயும்.

கூட்டத்தைத் திட்டுல குறைக்க முடியாது, கரையில டிக்கெட் குடுக்கிற இடத்துலயே குறைக்கணும். ஆகஸ்டுல சூரியன் மறைய ஆறரை தாண்டும்னாலும் மேக்க மலை மறைக்கறதால நம்ம பக்கம் வெளிச்சம் முன்னாடியே மங்கிரும். கடைசி ஆள் 5.30க்குக் கரை ஏறணும்னு வைங்க. 4.30க்கு மேல திட்டுக்கு ஆள் ஏத்தக் கூடாது. அதுக்குப் பெறவு படகு காலியாப் போயி ஆளோட வரும். ஒரு சுத்து 15 நிமிஷம், மணிக்கு ஒரு படகுல 40 பேர், ரெண்டுல 80. ஒரு எஞ்சின் படுத்துட்டா அந்த 80 பேரைக் கொண்டுவர ரெண்டு மணி நேரம் ஆகும், இருட்டிரும். அதனால எந்த நேரத்துலயும் திட்டுல 50 பேருக்கு மேல வேண்டாம்.

எண்ணிக்கை தப்பாம இருக்க 50 டோக்கன் மட்டும் வைங்க. போறவங்க வாங்கிட்டுப் போகணும், கரை ஏறும்போது திருப்பிக் குடுக்கணும். கையில டோக்கன் தீந்தா அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிடையாது. அதுல எழுதின நேரத்துக்குத்தான் திரும்பணும்னு போகும்போதே சொல்லிருங்க. லைஃப் ஜாக்கெட்டையும் திட்டுல கழட்ட விடாதீங்க. மறுபடி மாட்டவே ஒரு படகுக்கு அஞ்சு நிமிஷம் போயிரும்.

வாடைக்காத்து பதில்:

மேல சொன்ன கணக்கு சரி. நான் படகைத் துறையில அணைக்கிற விஷயத்தைச் சொல்லுதேன்.

துறை மேற்கே பாத்து இருக்கறதுதான் மூலக் கோளாறு. சாரல் காலத்துல ஆரியங்காவு கணவாய் வழியா வார மேக்காத்து நேரா அந்தப் படியிலதான் அடிக்கும். அலையும் அங்கதான் குவியும். திட்டுக்குக் கிழக்குப் பக்கம் காத்து மறைவு இருக்கும், துறையை அங்க மாத்துங்க. கல்படி கட்ட வேண்டாம், மிதவை போதும். கார் நெல் சாகுபடிக்கு மடை திறந்தா குளத்து மட்டம் இறங்கிக்கிட்டே வரும், இன்னைக்குச் சரியா இருக்க படி அடுத்த வாரம் இடுப்பு உயரத்துல நிக்கும்.

மிதவைக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் 8 போதும். ஒண்ணு ஏறக்குறைய 190 கிலோ தாங்கும், மொத்தம் 1,500. பலகை, சட்டம் 400 போக மிச்சத்துல பாதியை மட்டும் நம்புங்க: ஒரு நேரத்துல 8 பேர். மூடியை இறுக்கி சிலிக்கான் பூசணும், இல்லேன்னா ஒரு மூலை மெதுவா அமிழும். நாலு மூலையிலயும் ஜிஐ பைப் அடிச்சு, மிதவையில வளையம் வச்சு அதுல கோத்துட்டா மட்டத்தோட ஏறி இறங்கும். வளையம் பைப்பை விட ரெண்டு விரல் அகலமா இருக்கணும். இறுக்கமா வச்சா சாய்ஞ்சு சிக்கிக்கிடும்.

அணைக்கும்போது முன்பக்கம் காத்தைப் பாத்து, துறைக்கு 20, 30 டிகிரி சாய்வுல வாங்க. ரெண்டு படகு நீளம் இருக்கும்போதே நியூட்ரல். காத்து முதுகுல இருந்து தள்ளும்போது வந்தா நிறுத்தவே முடியாது. கடைசியில ஒரு சின்ன ரிவர்ஸ். அதுக்கு முன்னாடி எஞ்சின் ரிவர்ஸ் லாக் விழுந்திருக்கான்னு பாக்கணும், விழலேன்னா ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் தூக்கிக்கிடும், படகு நிக்காது. முதல் கயிறு படகு நடுவுல இருந்து பின்பக்கமாப் போயி துறைக் கம்பத்துல விழணும். அதைக் கட்டிட்டு மெதுவா முன் கியர் போட்டு, எஞ்சின் கைப்பிடியைத் துறைப் பக்கம் தள்ளினா படகு துறையோட ஒட்டி நிக்கும். அந்த நேரத்துல முன் கயிறு, பின் கயிறைக் கட்டி, எஞ்சினை அணைச்ச பெறவுதான் ஆள் எந்திரிக்கணும். புரொப்பல்லர் சுத்தும்போது யாரையும் இறக்காதீங்க.

கயிறு 12 மில்லி நைலான் வாங்குங்க. விலை குறைவுன்னு மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு வாங்கினா அது தண்ணி மேல கிடந்து புரொப்பல்லர்ல சுத்தும். மோதலுக்குப் பழைய டயர் நல்லது, படகு விளிம்பு உயரத்துக்குத் தொங்கணும். அடியில ரெண்டு ஓட்டை போட்டுருங்க, மழைத்தண்ணி நின்னா டெங்குக் கொசு அதுலதான் முட்டை போடும்.

சிற்றாற்றுக்கரை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. மிதிபடகை என்ன செய்ய? ஆகாயத்தாமரையும் கொஞ்சம் இருக்கு.

வாடைக்காத்து:

மிதிபடகைத் திட்டுக்கு விடவே கூடாது. மேக்காத்து பிடிச்சா மிதிச்சு எதுத்து வர முடியாம கிழக்குக் கரையில போயி ஒதுங்கும், அப்ப எஞ்சின் படகு ஒண்ணு இழுக்கப் போயிரும், உங்க கணக்கு உடையும். கரைக்கு 80 மீட்டருக்குள்ள மிதவைக் கயிறு கட்டி எல்லை போடுங்க. ஆகாயத்தாமரை எஞ்சின் தண்ணி உறிஞ்சும் வாயை அடைக்கும். பின்னால பீச்சுற தண்ணி நின்னாலோ மெலிஞ்சாலோ அந்த நிமிஷமே எஞ்சினை அணைச்சு, தூக்கி, வழிச்சு எடுக்கணும். பொறுத்துப் பாத்தா இம்பெல்லர் (எஞ்சினுக்குள்ள தண்ணி இறைக்கிற ரப்பர் சக்கரம்) கருகிரும். ஒரு துடுப்பும் நங்கூரமும் எப்பவும் படகுல கிடக்கட்டும்.

பொருநையாள் பதில்:

அண்ணே, ஒண்ணு விட்டுட்டீங்க. படகு துறையில தொட்டதும் பத்துப் பேரும் அந்தப் பக்கமே எந்திரிச்சு நிப்பாங்க. சின்னப் படகுல அதுதான் பெரிய ஆபத்து. 2009 செப்டம்பர் 30ல தேக்கடியில ஆட்கள் ஒரு பக்கமாத் திரண்டு படகு கவிழ்ந்து 45 பேர் செத்துப்போனாங்க. 2023 மே 7ல கேரளாவுல தானூர்ல 22 பேர், அளவுக்கு மீறி ஏத்தினது. ரெண்டுமே உல்லாசப் படகுதான்.

இறக்கும்போது துறைக்கு எதிர்ப்பக்கம் இருக்கவங்க உக்காந்தே இருக்கணும். துறைப் பக்கத்துல நடுவுல இருக்கவங்க முதல்ல, ஒவ்வொருத்தரா. பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு யாரும் தாண்டக் கூடாது, பிள்ளையைத் துறையில நிக்க ஆளுக்கிட்டக் குடுத்துட்டுத்தான் இறங்கணும். அதுக்குன்னு திட்டுல நிரந்தரமா ஒரு ஆள் போடுங்க, படகோட்டியே கயிறும் பிடிச்சு ஆளையும் இறக்க முடியாது.

லைஃப் ஜாக்கெட்டை லீவுக்கு முந்தின வாரமே சோதிங்க. பெரிய ஆளு ஜாக்கெட்டுல 5 கிலோ எடைக்கல்லைக் கட்டித் தண்ணியில விடுங்க, அமிழ்ந்தா தூக்கிப் போட்டுருங்க, பஞ்சு தண்ணி குடிச்சிருக்கும். பிள்ளைகளுக்குக் கால் இடுக்குல வார் இருக்கறதுதான் வேணும், இல்லேன்னா தண்ணியில ஜாக்கெட் மட்டும் மேல வந்து பிள்ளை கீழ நழுவும்.

திட்டுக் கருவேல மரத்துல நாரை, கொக்கு கூடு வச்சிருந்தா அந்த மாசங்கள்ல ஆளை இறக்காதீங்க அண்ணே. தாய்ப்பறவை பயந்து எந்திரிச்சா முட்டையும் குஞ்சும் வெயில்ல கிடக்கும், காக்கா தூக்கிட்டுப் போயிரும். அந்த நாள்ல தூரமா ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டுக் கரைக்கே கொண்டுவந்து விடுங்க, இறக்கி ஏத்துற நேரமும் மிச்சம்.