பைதன் 3.11ல செய்த பில் புரோகிராம் வின்டோஸ் 7ல கிளம்புதில்லை, என்ன செய்யலாம்?

கோண்டாவில்_பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். சுன்னாகத்தில ஒரு ஹாட்வெயார் கடைக்கு பில் அடிக்கிற சின்னப் புரோகிராம் ஒண்டு பைதன் 3.11ல எழுதி பைஇன்ஸ்டோலரால எக்ஸி (பைதன் போடாத மெஷினிலயும் தனிய ஓடுற ஃபைல்) ஆக்கிக் குடுத்தனான், கடை மெஷின் 32 பிட் எண்டபடியா 32 பிட்டிலதான் கட்டினது, என்ர லப்டொப்பில வடிவா ஓடுது, அங்க கொண்டுபோய்ப் போட்டா "ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்" எண்டு தொடங்குற டிஎல்எல் (புரோகிராமுகள் பொதுவாப் பாவிக்கிற கோட் ஃபைல்) ஒண்டைக் காணேல்லை எண்டு ஒரு பெட்டி வந்து நிக்குது. அங்க வின்டோஸ் 7. முதலாளி மாத்தவும் மாட்டார், அவற்ற பழைய டொட் மட்ரிக்ஸ் பிரிண்டரின்ர டிரைவர் அதிலதான் வேலை செய்யுது.

டிஎல்எல்லைத் தனிய டவுன்லோட் பண்ணக் குடுக்கிற சைட்டுகள் கிடக்கு, அதில எடுத்துப் போடலாமோ? இல்லாட்டி 7ல ஓடுற பைதன் 3.8க்கு இறங்கிறதோ? இறங்கினா மட்ச்-கேஸ் (ஒரு பெறுமதியைப் பாத்து வழி பிரிக்கிற எழுத்துமுறை), சோன்இன்ஃபோ (நேர வலயக் கணக்கு), டொம்லிப் (டொம்ல் செட்டிங்ஸ் ஃபைல் வாசிக்கிறது) எல்லாம் போயிடும், அதுதான் யோசினை.

வலிகாமத்தான்:
தம்பி, 7க்கு சப்போர்ட் 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சுது, 10க்கே 2025 ஒக்டோபர் 14ஓட முடிச்சிட்டாங்கள். இன்னும் உதைக் கட்டி அழுறதோ? புதுசு வாங்கச் சொல்லுங்கோ.

வடலி_நிழல்:
அண்ணை சொல்றது சரி, ஆனா கடைக்காரருக்கு உந்தக் கதை ஏறாது, பில் வந்தாச் சரி.

தம்பி, அந்த டிஎல்எல் சைட்டுகளைத் தொடாதையும், உள்ளுக்கு என்னத்தை வைச்சுத் தாறாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும். உதே மாதிரி "வின்-சிஆர்டி" எண்டு ஒரு எரர் வாறது, அது வேற, அதுக்கு மைக்ரோசொஃப்டே கேபி2999226 எண்ட அப்டேற்றில வின்டோஸ் 10இன்ர சி ரன்டைமை (சி மொழிப் புரோகிராமுகளுக்கு வேண்டிய அடிப்படை ஃபைலுகள்) 7க்கும் தந்தது, போட்டாச் சரியாயிடும். உமக்கு வந்தது "கோர்-பாத்". ஃபைல் பாதையளை ஒட்டுற ஃபங்சன்கள் அதுக்குள்ள இருக்கு, வின்டோஸ் 8லதான் வந்தது, 7க்கு அவை குடுக்கவேயில்லை, பைதன் 3.9ல இருந்து அது இல்லாமக் கிளம்பாது. லினக்ஸில வின்டோஸ் புரோகிராம் ஓட்டுற வைனின்ர கோடில இருந்து அதே பேரில ஒரு டிஎல்எல் செய்து வைச்சிருக்கினம்தான், போட்டாக் கிளம்பும், ஆனா காசு எண்ணுற புரோகிராமுக்கு நான் போடமாட்டன், பைதன் ஆக்கள் புது வேர்சனை 7ல ரெஸ்ட் பண்ணிறதே இல்லை, நாளைக்கு வேற எங்கயும் இடிக்கும்.

3.8.10ஐ எடும், இன்ஸ்டோலரோட வந்த கடைசி 3.8 அதுதான். லைப்ரரியா வந்த வசதியளைக் கீழ கொண்டு வரலாம், மொழியின்ர இலக்கணமா வந்ததை ஏலாது. டொம்லிப்புக்கு டொம்லி எண்ட பக்கேஜ் இருக்கு, ட்ரை-எக்செப்டில (ஒண்டு சரிவராட்டி மற்றதுக்குப் போற முறை) ரெண்டில ஒண்டை இம்போர்ட் பண்ணினா மிச்சக் கோட்டில கைவைக்கத் தேவையில்லை. சோன்இன்ஃபோவுக்கும் பக்போர்ட் (பழைய வேர்சனுக்கு இறக்கின பிரதி) இருக்கு. மட்ச்-கேஸ்தான் கஷ்டம், 3.8 அந்த வரியைக் கண்ட உடனயே முழு ஃபைலையும் தள்ளிவிடும், ட்ரைக்குள்ள ஒளிச்சு வைச்சும் சரிவராது, இருந்து இஃப்-எலிஃப்பா மாத்தி எழுதும்.

மற்றும்படி மனம் இருந்தா எல்லாம் ஏலும், 2019ல வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் எண்ட கேமுக்காக டைரக்ட்எக்ஸ் 12 எண்ட கிராஃபிக்ஸ் வசதியையே மைக்ரோசொஃப்ட்காரர் 7க்கு இறக்கினவை. சுன்னாகத்து ஆணிக்கடைக்கு ஆர் இறக்கப்போகினம் 😄

கோண்டாவில்_பெடியன்:
நன்றி அண்ணை, 3.8.10 போட்டுக் கட்டினன், கிளம்புது!! மட்ச் எல்லாம் மாத்தியாச்சு. சோன்இன்ஃபோ பக்போர்ட்தான் ஏசியா-கொழும்பு எண்டு கேட்டா அப்பிடி ஒரு சோன் இல்லை எண்டுது.

வடலி_நிழல்:
வின்டோஸில அந்த நேரக் கணக்கு ஃபைலுகள் இல்லை, டிசெட்டேட்டா பக்கேஜையும் போடோணும், எக்ஸிக்குள்ளயும் அது போகுதோ எண்டு பாரும். ஆனா கடை பில்லுக்கு உது எதுக்கு? 2006 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட நேரம் +5:30ஐ விட்டு அசையேல்லை, டேட்டைமுக்குள்ள இருக்கிற ரைம்சோனுக்கு 5 மணி 30 நிமிசம் எண்டு குடுத்தா ஒரு வரி, பக்போர்ட்டே வேண்டாம்.

வலிகாமத்தான்:
ஓடினாச் சந்தோசம். ஆனா அந்த மெஷினை இன்ரநெற்றில கொழுவ விடாதேங்கோ, குறோமும் 109ஓட 7ஐக் கைவிட்டிட்டுது. பில் டேட்டாபேஸை ஒவ்வொரு நாளும் பென்டிரைவில கொப்பி எடுக்கச் சொல்லுங்கோ, பழைய ஹாட்டிஸ்க் எப்ப போகும் எண்டு சொல்லேலாது.